மூன்று படம், ஒரு தொகுப்பு: நடுவர் கண் எங்கே போய் நிற்கிறது?

சாட்ஸ்வர்த்_சீப்பு

எல்லாருக்கும் வணக்கம். சலூன் சார்பில் ஒரு ஹேர் போட்டிக்கு ஃபோட்டோ தொகுப்பு அனுப்புகிறோம். 3 படம், 3 மாடல். எடுத்துக்கொண்டது நம்ம பின்னலும் கொண்டையும்தான். ஒன்றில் இடுப்பு வரைக்கும் நீளப் பின்னல், ஒன்றில் காதோரம் சாய்ந்த கொண்டை, மூன்றாவதில் உச்சந்தலைக்கு மேல் ஒரு அடி எழும்பும் கட்டு. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலேயே ஸ்டூடியோ பிடித்து ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்று திட்டம்.

போன முறை அனுப்பியதற்கு வந்த கருத்து ஒரே வரி: "தனித்தனியாக நன்று, தொகுப்பாக இல்லை." அதை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது என்று புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

1. நடுவர்கள் மார்க் போடும் முறை என்ன? எதற்கு எவ்வளவு?
2. கறுப்பு முடியைக் கறுப்புப் பின்னணியில் எடுக்கலாமா? எடுத்தால் வெளிக்கோடே காணாமல் போகிறது.
3. சவுரி, விக், உள்ளே பஞ்சு வைப்பதெல்லாம் தப்பா?
4. ரீடச் (எடுத்த படத்தைக் கணினியில் திருத்துவது) எவ்வளவு தூரம்?
5. ராக்கொடி, ஜடைநாகம், மல்லிகை எல்லாம் வைத்தால் மார்க் கூடுமா?

---

மூணாம்_நாற்காலி

அந்த ஒரு வரியில் விஷயம் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.

முதல் சுற்று அநேகமாகத் திரையில்தான் நடக்கும். நடுவருக்குப் பெயர் தெரியாது, சலூன் தெரியாது, ஒரு எண் மட்டும் தெரியும். உங்கள் மூன்று படமும் பக்கத்தில் பக்கத்தில், தீப்பெட்டி அளவில் வந்து நிற்கும். அந்த அளவில் மாடலின் முகம் தெரியாது, நகை தெரியாது, பின்னலின் இழை தெரியாது. தலையின் வெளிக்கோடும் வெளிச்சமும்தான் தெரியும். பிறகுதான் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பார். அதற்குள் மனசில் ஒரு மார்க் விழுந்திருக்கும். பெரிதாக்கும்போது அது அரையோ ஒன்றோ ஏறும் அல்லது இறங்கும். தலைகீழாகப் புரள்வது அபூர்வம்.

"தொகுப்பாக இல்லை" என்றால், அந்தத் தீப்பெட்டி அளவில் மூன்றும் ஒரே கையிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை என்று அர்த்தம். ஒரே நிறப் புடவை மூன்று பேருக்கும் கட்டிவிட்டால் தொகுப்பாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. முடி வேலைக்குள்ளேயே ஒரு இழை ஓடவேண்டும். உதாரணமாக மூன்றிலும் நாலுகால் பின்னல்: ஒன்றில் அது தொங்குகிறது, ஒன்றில் சுருண்டு கொண்டையாகிறது, மூன்றாவதில் செங்குத்தாக ஏறுகிறது. இங்கே செய்முறை ஒன்று, வடிவம் மூன்று. முடியின் மேற்பரப்பும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று கண்ணாடி மாதிரி வழவழப்பு, அடுத்தது பஞ்சு மாதிரி சொரசொரப்பு என்றால் வேண்டுமென்றே அப்படிச் செய்ததற்கான காரணம் மூன்றாவது படத்தில் தெரியவேண்டும். தெரியாவிட்டால் இரண்டு பேர் செய்த வேலை மாதிரித்தான் இருக்கும்.

உங்கள் திட்டத்தில் நீளம், சாய்வு, உயரம் என்று மூன்று வடிவம் இருக்கிறது. நல்லது. மூன்றுக்கும் பொதுவான செய்முறை என்ன என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. முதலில் அதை முடிவு செய்யுங்கள்.

மார்க் விஷயம். போட்டிக்குப் போட்டி தலைப்பு மாறும், ஆண்டுக்கு ஆண்டு விதியும் மாறும், அதனால் இந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை முதல் வரியிலிருந்து படியுங்கள். பொதுவாக வருபவை: முடி வேலையின் கைத்திறன், புதுமை, முடியோடு மேக்கப்பும் உடையும் சேர்ந்த மொத்தத் தோற்றம், படத்தின் தரம், தொகுப்பின் ஒருமை. பல போட்டிகளில் ஒவ்வொரு நடுவரும் தனியாக உட்கார்ந்து 1 முதல் 10 வரை போடுவார்கள். சில போட்டிகளில் ஒவ்வொரு படத்துக்கும் தனி மார்க், சிலவற்றில் தொகுப்புக்கு ஒரே மார்க். தனி மார்க் என்றால் கணக்கு சுலபம். 9, 9, 5 வாங்கினால் 23. 8, 8, 8 வாங்கினால் 24. இரண்டு அபாரமான படத்தை ஒரு சுமாரான படம் கீழே இழுத்துவிட்டது. தொகுப்புக்கு ஒரே மார்க் என்றால் இன்னும் மோசம். அந்த 5 வாங்கும் படத்தில்தான் நடுவரின் கண் மாட்டிக்கொள்ளும்.

இதை நேரடிப் போட்டியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வேர்ல்ட்ஸ்கில்ஸ் (இளைஞர்களுக்கான உலகத் தொழில்திறன் போட்டி) மாதிரிப் போட்டியில் நடுவர் தலையைச் சுற்றி நடந்து பார்க்கிறார். அளந்து போடும் மார்க் தனி. பார்த்து மதிப்பிடும் மார்க் 0 முதல் 3 வரை, அதில் 0 என்றால் தொழில் தரத்துக்குக் கீழே, 3 என்றால் மிகச் சிறப்பு. ஃபோட்டோவில் நீங்கள் காட்டும் ஒரே கோணம்தான் தலை முழுவதும். பின்புறம் எவ்வளவு அழகாக முடித்திருந்தாலும் படத்தில் இல்லையென்றால் அது இல்லை.

5ஆம் கேள்விக்கு என் பதில் கொஞ்சம் கடுமையாக இருக்கும். ஜடைநாகம் பின்னலை மேலிருந்து கீழ்வரை மூடுகிறது. மூடிய பின்னலுக்கு நடுவர் எப்படி மார்க் போடுவார்? அவர் பார்ப்பது தட்டார் வேலை, உங்கள் வேலை அல்ல. ராக்கொடி ஒன்று, அதுவும் கொண்டையின் நடுப்புள்ளியைக் காட்டும் இடத்தில் இருந்தால் சரி. மல்லிகைச் சரம் கொண்டையைச் சுற்றிப் போகிறதென்றால் கொண்டை எங்கே முடிகிறது என்ற கோட்டை அது தின்றுவிடும். மணப்பெண் பிரிவில் அலங்காரத்துக்கு இடம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஒரு அடி எழும்பும் கட்டு வைத்திருப்பதால் அவாங்-கார்ட் (வழக்கத்தை மீறிய, சோதனை முயற்சியான அலங்காரம்) பிரிவின் பக்கம் போவதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அங்கே எல்லாரும் ஒரு அடி எழுப்பிக்கொண்டுதான் வருவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, மார்க் போடும் முன்பே வெளியே போகிற வழிகள்: படத்தின் மூலையில் சலூன் முத்திரை, ஃபைல் பெயரில் உங்கள் பெயர், கேட்டதற்கு மேல் ஒரு படம், முன்பே இன்ஸ்டாகிராமில் போட்ட படம். கடைசியாகச் சொன்னதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். படப்பிடிப்பு நாளில் மாடல் தன் பக்கத்தில் ஒரு செல்ஃபி போட்டாலே சில போட்டிகளில் சிக்கல்தான். மாடல், மேக்கப் போடுகிறவர், உதவிக்கு வருகிறவர் எல்லாரிடமும் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

---

லைட்_மீட்டர்

2ஆம் கேள்வி என் ஏரியா. கறுப்புப் பின்னணி வேண்டாம்னு சொல்லமாட்டேன், ஆனா அதுக்கு ரெண்டு லைட் கூடுதலா வேணும். முதல் தடவைன்னா நடுச்சாம்பல் பேப்பர் போதும். கறுப்பு முடி அதுல தெளிவா நிக்கும், தோல் நிறமும் கெடாது. சுத்த வெள்ளை போட்டா வேற தொல்லை: பின்னணி வெளிச்சம் திரும்பி வந்து முடி ஓரத்தைக் கரைச்சிடும். மெல்லிசான இழை எல்லாம் காணாமப் போயிடும்.

மாடலைப் பேப்பர்லேர்ந்து ரெண்டு மீட்டராவது முன்னாடி நிறுத்துங்க. முக்கிய லைட் பெரிய சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்குற துணிப்பெட்டி), மாடலுக்கு 45 டிகிரி பக்கவாட்டுல, தலைக்குக் கொஞ்சம் மேல. இப்ப முக்கியமானது: பின்னாலிருந்து ரெண்டு பக்கமும் குறுகலான ஸ்ட்ரிப் பாக்ஸ், வெளிச்சம் சிதறாம இருக்க முன்னாடி கட்டம் (கிரிட்) மாட்டி, முக்கிய லைட்டைவிட ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு, அதிகமா. அதுதான் கொண்டையோட வெளிக்கோட்டை வெட்டிக் காட்டும். கட்டம் மாட்டலைன்னா வெளிச்சம் லென்ஸுக்குள்ள வந்து படமே வெளுத்துடும்.

கறுப்பு முடிக்கு இன்னொரு விஷயம். அது வெளிச்சத்தைக் குடிக்கும். பின்னல் வளைவு தெரியணும்னா முடிமேல லைட் பிரதிபலிக்கிற பளபளப்புக் கோடு விழணும். லைட்டை நேரா முன்னாடி வச்சா பின்னல் தட்டையான கறுப்புத் துண்டா வரும். லைட்டைக் கொஞ்சம் கொஞ்சமா பக்கவாட்டுல நகர்த்திக்கிட்டே பாருங்க. பின்னலோட ஒவ்வொரு கால்மேலயும் ஒரு வெள்ளைக் கோடு விழுற இடம் வரும். அங்க நிறுத்திடுங்க.

செட்டிங்: ஐஎஸ்ஓ 100, எஃப் 8 லேர்ந்து 11, ஷட்டர் 1/125 அல்லது 1/160. எஃப் 2.8ல எடுத்தா முகம் ஷார்ப், கொண்டை மங்கல். முகப் படத்துக்கு அது அழகு, இங்க அது தோல்வி. ஃபோகஸ் கண்ணுல இல்லாம முடியில இருக்கணும். ஃபுல் ஃபிரேம் கேமராவா இருந்தா 85 மிமீ. 35 மிமீல கிட்டப் போய் எடுத்தா முன்னாடி இருக்கிற பாகம் ஊதிப்போய், ஒரு அடிக் கட்டு ஒண்ணரை அடியாத் தெரியும். அது லாபம்னு நினைக்காதீங்க, கழுத்து பொம்மைக் கழுத்தா ஆயிடும்.

முடி பறக்கிற மாதிரி படம் வேணும்னா, அசைவை நிறுத்துறது ஷட்டர் இல்ல, ஃபிளாஷ் எரியிற நேரம். ஃபிளாஷோட குறிப்புல டி 0.1னு போட்டிருப்பாங்க, அது 1/1000 வினாடியைவிடக் குறைவா இருக்கணும். இல்லேன்னா நுனி எல்லாம் இழுபடும்.

மூணு படத்துக்கும் வைட் பேலன்ஸ் (கேமராவோட நிறச் சமன்) ஒரே எண்ணுல, 5500 கெல்வின் மாதிரி, பூட்டி வைங்க. ஒவ்வொரு மாடல் மாறும்போதும் சாம்பல் அட்டை பிடிச்சு ஒரு ஷாட். ஆட்டோவுல விட்டா சிவப்புச் சேலைக்கு ஒரு நிறம், பச்சைச் சேலைக்கு ஒரு நிறம்னு கறுப்பு முடியே ஒண்ணு நீலமா ஒண்ணு பழுப்பா வரும். மூணாம் நாற்காலி சொன்ன தீப்பெட்டி அளவுல அதுதான் முதல்ல உறுத்தும்.

லேப்டாப்புல கேபிள் போட்டு எடுங்க. கேமரா பின்பக்கச் சின்னத் திரையில பிசிறே தெரியாது. நூறு சதவீதம் பெரிசாக்கிப் பார்த்துட்டுத்தான் மாடலை நாற்காலியிலேர்ந்து இறக்கணும்.

அப்புறம் கரண்ட் கட். ஸ்டூடியோவுல ஜெனரேட்டர் இருக்கான்னு கேட்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. பேட்டரி ஃபிளாஷ் இருந்தா படம் எடுத்துடலாம், ஆனா ஏசியும் அயனும் பேட்டரியில ஓடாது.

---

சவுரி_அக்கா

ஏசி பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். டர்பனில் கோடையான ஜனவரி, பிப்ரவரி மாதம் இந்த வேலையை வைக்காதே தம்பி. அயனோ பிளோ-டிரையோ போட்டுக் கொண்டுவந்த வடிவம் முடிக்குள்ளே ஹைட்ரஜன் பிணைப்பில்தான் நிற்கிறது. காற்றில் இருக்கிற ஈரம் உள்ளே போனாலே அந்தப் பிணைப்பு அவிழ்ந்துவிடும். காலையில் கண்ணாடி மாதிரி இருந்த கொண்டை மத்தியானம் தேங்காய் நார். ஜூன், ஜூலை நல்லது. அப்போதும் ஒன்று கவனி: உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று அடிக்கிற நாளில் எல்லாம் காய்ந்துபோய் முடி மின்னேற்றம் பிடிக்கும், இழை இழையாக எழுந்து நிற்கும். அன்றைக்குப் பிளாஸ்டிக் சீப்பை ஒதுக்கிவை. கையில் கொஞ்சம் கிரீம் தேய்த்து மேலாக ஒற்றி எடு, தேய்க்காதே.

3ஆம் கேள்வி. சவுரி தப்பில்லை, விதி தடுக்காத வரைக்கும். அவாங்-கார்டில் விக்கும் உள்ளே கம்பிக்கூடும் வைத்துத்தான் எல்லாரும் செய்கிறார்கள். சில பிரிவில் மட்டும், குறிப்பாகக் கட்டிங், கலர் பிரிவில், மாடலின் சொந்த முடியே வேண்டும் என்று இருக்கும். சவுரி வைத்தது தெரிவதுதான் தப்பு. எங்கே தெரியும் என்றால்:

செயற்கை இழைச் சவுரி ஃபிளாஷில் வேறு மாதிரி மினுக்கும். சொந்த முடியில் பளபளப்பு மெல்லிய கோடாக விழும், செயற்கையில் தட்டையாக, பிளாஸ்டிக் பூ மாதிரி. கண்ணால் பார்க்கும்போது ஒன்றாகத்தான் இருக்கும், அதனால் செல்ஃபோன் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துச் சோதித்துக்கொள். மனித முடிச் சவுரியானாலும் இரண்டு மூன்று நிறச் சாயல் கலந்து வாங்கு. சொந்த முடி வேரிலிருந்து நுனி வரை ஒரே கறுப்பாக இருக்காது. சவுரி அப்படி ஒரே கறுப்பாக இருக்கும், அதுவே காட்டிக்கொடுக்கும்.

இடுப்புவரை பின்னல் என்றாய். சவுரி சேரும் இடத்தில் பின்னல் திடீரென்று தடித்தாலும் மார்க் போய்விடும். சவுரியை ஒரே இடத்தில் கட்டாமல் மூன்று கால்களுக்கும் 3 அல்லது 4 சென்டிமீட்டர் ஏற்றி இறக்கிச் சேர். நாலுகால் பின்னல் என்றால் நாலையும் அப்படி. பின்னல் நுனிக்கு வரும்போது ஒரே சீராக மெலிய வேண்டும். நுனியில் குஞ்சலம் வைத்து மறைப்பது பழைய வித்தை, நடுவருக்கும் தெரியும்.

உயரக் கட்டுக்கு உள்ளே வைப்பது எடை குறைந்ததாக இருக்கவேண்டும். கம்பி வலையை முடி நிறத் துணியில் சுற்றி, அதை உச்சியில் போட்ட இறுக்கமான குதிரைவால் ஒன்றில் ஊன்று. பலர் உச்சந்தலை முடியில் நேராக ஊசி குத்தி நிறுத்துகிறார்கள். அரை மணியில் அது முன்னாலோ பின்னாலோ சாயும். மாடலின் நெற்றித் தோல் இழுபட்டுப் புருவம் ஏறிவிடும். படத்தில் அந்த வலி தெரியும்.

கொண்டை ஊசி முடி நிறத்தில், மினுக்கு இல்லாததாக. நெளிவு உள்ள பக்கம் தலையைப் பார்த்து இருக்கவேண்டும், அப்போதுதான் பிடிக்கும். ஒரு ஊசியின் முனை ஃபிளாஷில் மின்னினால் படம் முழுவதிலும் முதலில் தெரிவது அந்த வெள்ளிப் புள்ளிதான்.

வகிடு. நம் கறுப்பு முடியில் வகிட்டின் தோல் ஃபிளாஷில் வெள்ளைக் கோடாக வெடிக்கும். முடி நிற வேர்ப்பொடியைச் சிறிய பிரஷால் ஓரங்களில் தட்டு, நடுக்கோட்டை விட்டுவிடு. எல்லாவற்றையும் மூடினால் வகிடே இல்லாத பொம்மைத் தலை மாதிரி ஆகிவிடும். வகிட்டை எலிவால் சீப்பின் நுனியால் ஒரே இழுப்பில் எடு. இரண்டு இழுப்பில் எடுத்த வகிடு பெரிதாக்கினால் படிக்கட்டு.

சுருள் எதுவானாலும் ஆறவிட்டுப் பிரி. சூடாக இருக்கும்போது பிரித்தால் வடிவம் பாதி போச்சு. சுருட்டி, ஊசி குத்தி, 15 முதல் 20 நிமிடம். ஸ்ப்ரே 25, 30 சென்டிமீட்டர் தள்ளி, மெல்லிசாக, மூன்று தடவை. கிட்டத்தில் ஒரே தடவை அடித்தால் ஈரப் புள்ளி விழுந்து காய்ந்தபின் பொடுகு மாதிரித் தெரியும். சீரம் ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டில் முடி எண்ணெய்ச் சட்டி.

---

சாட்ஸ்வர்த்_சீப்பு

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. பொதுச் செய்முறை என்று எதுவும் யோசிக்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. நாலுகால் பின்னலையே எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டு சந்தேகம். மூன்றுக்கும் ஒரே மாடல் வைத்தால் ஒருமை தானாக வந்துவிடாதா? இன்னொன்று, உயரக் கட்டுக்கு மனதில் வைத்திருக்கும் மாடலின் முடி 4சி வகை (மிக நெருக்கமான சுருள்), மற்ற இருவரும் நம்மைப் போல் நேர்முடி, லேசான அலை. இது தொகுப்பைக் கெடுக்குமா?

---

ஃபீனிக்ஸ்_பிளேடு

ஒரே மாடல் வேண்டாம். ஒருமை வரும், கூடவே "ஒரு தலையில்தான் இவருக்கு வரும்போல" என்ற சந்தேகமும் வரும். மூன்று வகை முடியில் ஒரே செய்முறையைக் கொண்டுவந்தால் அதுவே கைத்திறனுக்குச் சான்று.

4சி கெடுக்காது, சரியாகக் கையாண்டால் அந்தப் படம்தான் முன்னால் நிற்கும். சரியாக என்றால்: அதை நேராக்கி மற்ற இரண்டைப் போல ஆக்காதீர்கள். நேராக்கிய பிறகு அதை ஏன் எடுத்தீர்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். அந்த முடியின் அடர்த்தியே உங்களுக்குக் கம்பிக்கூட்டின் வேலையைப் பாதி செய்துவிடும். காய்ந்த முடியில் பின்ன ஆரம்பிக்காமல், லேசாக ஈரமாக்கி, கிரீம் போட்டு, கையால் நீட்டி, அப்புறம் பின்னுங்கள். நெற்றியோர முடி மெல்லியது. அதை இழுத்து இறுக்கினால் தோல் மேடுமேடாக எழும். நூறு சதவீதத்தில் அது அப்படியே தெரியும். விதி தெரிந்த நடுவர் அதற்கு மார்க் குறைப்பார், மாடலுக்கும் அது கெடுதல்.

லைட்டும் மாறும். நேர்முடியில் பளபளப்புக் கோடு விழும் இடத்தில் 4சியில் விழாது, ஏனென்றால் ஒவ்வொரு சுருளும் ஒவ்வொரு பக்கம் வெளிச்சத்தைத் தெறிக்கவிடுகிறது. பக்கவாட்டு வெளிச்சம் அதிகமாகவும் முன் வெளிச்சம் குறைவாகவும் இருந்தால்தான் சுருளின் நிழல் விழுந்து உருவம் தெரியும். லைட்_மீட்டர் இதை இன்னும் சரியாகச் சொல்வார்.

இந்த நாட்டில் முடிக்கு மார்க் போட்ட வரலாறு வேறு ஒன்றும் உண்டு, மறந்துவிடக்கூடாது. நிறவெறி ஆட்சியின் 1950 மக்கள் பதிவுச் சட்டத்தின் காலத்தில் முடியில் பென்சிலைச் செருகி அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து ஆளை இன்ன இனம் என்று பிரித்தார்கள். அந்த நிழல் இன்னும் "நேர்த்தி" என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. பிசிறு இல்லாமை என்பது நேர்முடிக்கு உள்ள அளவுகோல். சுருள்முடிக்கு வெளிக்கோடு திட்டமிட்டபடி இருக்கிறதா, சுருள்கள் ஒரே சீராக உருவாகியிருக்கின்றனவா, பிரிவுக்கோடுகள் சுத்தமா என்பவைதான் அளவுகோல். நல்ல போட்டிகளில் இதற்கென்று தனிப் பிரிவும், அந்த முடியைத் தெரிந்த நடுவர்களும் இருப்பார்கள். பொதுப் பிரிவுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் விளக்கக் குறிப்பு எழுத இடம் இருந்தால் ஒரே வரியில் "மாடலின் இயல்பான சுருள் நேராக்கப்படவில்லை" என்று போடுங்கள்.

---

லைட்_மீட்டர்

பிளேடு சொன்னது சரிதான். 4சி மாடலுக்கு முக்கிய லைட்டை 45லேர்ந்து 70 டிகிரி வரைக்கும் ஓரமாக் கொண்டுபோங்க. ஆனா மத்த ரெண்டு படத்துக்கும் லைட்டோட குணம் மாறக்கூடாது: அதே சாஃப்ட்பாக்ஸ், அதே பக்கம். இடமிருந்து வர்ற நிழல் ஒரு படத்துல மட்டும் வலமிருந்து வந்தா தொகுப்பு உடைஞ்சிடும். கோணம் கொஞ்சம் மாறினா யாருக்கும் தெரியாது.

---

மூணாம்_நாற்காலி

ரீடச் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நானே.

பொதுவாக அனுமதிப்பது: பின்னணிப் பேப்பரின் மடிப்பு, தோலில் ஒரு பரு, தப்பி நிற்கும் ஓரிரு இழை, மொத்த வெளிச்சம், நிறச் சமன். அனுமதிக்காதது: முடியைக் கூட்டுவது, நீட்டுவது, வெளிக்கோட்டைத் தள்ளி வளைப்பது, நிறத்தை மாற்றுவது, இரண்டு படத்தை ஒட்டுவது. பல போட்டிகள் இப்போது ஏஐ உருவாக்கிய படத்தையும் தெளிவாக விலக்கி வைத்திருக்கின்றன. இறுதிச் சுற்றுக்குப் போனால் கேமராவிலிருந்து வந்த ரா ஃபைலை (திருத்தாத மூலப் படம்) கேட்கலாம். எனவே அதை அழிக்காதீர்கள், இரண்டு இடத்தில் வையுங்கள்.

கண்டுபிடிப்பது கஷ்டமா என்றால், இல்லை. குளோன் கருவியால் (படத்தின் ஒரு துண்டை வேறிடத்தில் நகலெடுப்பது) நிரப்பிய இடத்தில் ஒரே சுருள் இரண்டு இடத்தில் அச்சு மாறாமல் இருக்கும். வெளிக்கோட்டைத் தள்ளியிருந்தால் அதையொட்டிப் பின்னணிப் பேப்பரின் துகள் நீண்டு தெரியும். எல்லாப் பிசிறையும் துடைத்திருந்தால் தலையைச் சுற்றி ஒரு மங்கல் வளையம், கத்தரியால் வெட்டி ஒட்டின மாதிரி. பிசிறே இல்லாத தலை இயற்கையில் கிடையாது. நாலைந்து இழையை விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

இதில் சவுரி_அக்காவோடு எனக்கு ஒரு சின்ன வேறுபாடு. குஞ்சலம் பழைய வித்தை என்று ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். நுனியை மறைக்க வைத்தால் தெரியும், உண்மைதான். மூன்று படத்திலும் குஞ்சலத்தின் மூன்று உருண்டைகளை வேறு வேறு இடத்தில் வைத்து அதையே வடிவத்தின் ஒரு பகுதியாக ஆக்கினால் அது மறைப்பு அல்ல.

---

சவுரி_அக்கா

அப்படியானால் அதை முடியாலேயே செய்யச் சொல்லுங்கள் நாற்காலி. முடியைச் சுருட்டி மூன்று உருண்டை, உள்ளே சின்னப் பஞ்சு, மேலே நெட்டு (முடிவலை). குஞ்சலத்தின் உருவம் இருக்கும், கடையில் வாங்கியது ஒன்றும் இருக்காது. அதற்கு முழு மார்க் கொடுக்கலாம்.

---

மூணாம்_நாற்காலி

அதற்கு நான் கொடுப்பேன்.

சீப்பு, இனி தேர்வு. எடுப்பதைவிடத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். ஒரு மாடலுக்கு 100 ஷாட் எடுத்தால் அதில் மிக அழகான படத்தைத் தேடாதீர்கள். மற்ற இரண்டோடு சேர்ந்து நிற்கும் படத்தைத் தேடுங்கள். மாடல் மிக அழகாகச் சிரித்த படம் வேண்டாம், முடி சரியாக நின்ற படம் வேண்டும். முகத்தை ஒரு விரலால் மறைத்துப் பாருங்கள். படத்தில் இன்னும் ஏதாவது மிச்சம் இருந்தால் அது ஹேர் படம். ஒன்றும் இல்லையென்றால் அது மேக்கப் படம். மேக்கப் போடுகிறவர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

அடுத்து, மூன்றையும் 200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வரிசையாக வையுங்கள். கறுப்பு வெள்ளையாக்குங்கள். அப்போது எது இருட்டில் அமுங்குகிறது என்று தெரியும். பிறகு கண்ணாடிப் பிம்பம் போல் திருப்பிப் பாருங்கள், சாய்வு எந்தப் பக்கம் அதிகம் என்று உடனே உறுத்தும். உங்கள் பக்கக் கொண்டை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து மற்றொரு மாடல் திரும்பியிருக்க வேண்டும். மூன்று பேரும் சட்டகத்தை விட்டு வெளியே பார்த்தால் கண்ணும் வெளியே போய்விடும்.

வெட்டுவதும் கவனம். உயரக் கட்டின் உச்சிக்கு மேல் கொஞ்சம் இடம் வேண்டும். நுனி ஓரத்தில் முட்டிக்கொண்டிருந்தால் அவசரத்தில் வெட்டியதுபோல் இருக்கும். நீளப் பின்னலின் நுனியும் படத்துக்குள் வரட்டும். இடுப்புவரை பின்னிவிட்டு மார்போடு வெட்டுவதில் அர்த்தமில்லை.

---

சாட்ஸ்வர்த்_சீப்பு

பின்னலின் நுனி வரவேண்டும் என்றால் முக்கால் உருவம் எடுக்கவேண்டும், மற்ற இரண்டும் தலை மட்டும். அளவு வேறுபடுமே?

---

லைட்_மீட்டர்

பின்னலை முன்பக்கம் தோள்மேல போட்டு, கையால பிடிச்சு மடக்கி, நுனியை மார்புக்கு ஏத்திடுங்க. மூணுமே இடுப்புக்கு மேல ஒரே வெட்டுல வந்துடும். தலையோட அளவு மூணு படத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், கண் இருக்கிற உயரம் மட்டும் கட்டுப் படத்துல கொஞ்சம் கீழ வரும்.

ஃபைல் அனுப்பும்போது: எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பு, அதோட புரொஃபைல் உள்ளேயே பதிச்சு, ஜேபெக், உயர்ந்த தரம். அடோபி ஆர்ஜிபியில அனுப்பினா சில பிரவுசர்ல நிறம் செத்துப்போய்த் தெரியும், கலர் பிரிவுன்னா அதோட கதை முடிஞ்சுது. "300 டிபிஐ" மட்டும் போட்டா ஒண்ணும் ஆகாது, பிக்சல்தான் கணக்கு. 300 டிபிஐல ஏ4 அளவு கேட்டா 2480க்கு 3508 பிக்சல். விதியில கேட்ட அளவைவிடச் சின்னதை இழுத்துப் பெரிசாக்காதீங்க, முடி இழை எல்லாம் பாசி மாதிரி ஆயிடும். செம்பு, சிவப்புக் கலர் முடி இருந்தா ஹிஸ்டோகிராம்ல (வெளிச்ச அளவைக் காட்டுற வரைபடம்) சிவப்புச் சேனலைத் தனியாப் பாருங்க. மொத்தம் சரியா இருக்கும், சிவப்பு மட்டும் வலது சுவத்துல முட்டி இழை காணாமப் போயிருக்கும்.

---

ஃபீனிக்ஸ்_பிளேடு

ஒரு விட்டுப்போன விஷயம். மாடல்களின் எழுத்து மூலமான சம்மதம், படம் எடுத்தவரின் உரிமைச் சம்மதம் இரண்டும் படிவத்தோடு கேட்பார்கள். கடைசி நாளில் தேடாதீர்கள். மாடல் 18 வயதுக்குக் குறைவு என்றால் பெற்றோர் கையெழுத்து.

---

சாட்ஸ்வர்த்_சீப்பு

எல்லாம் குறித்துக்கொண்டேன். முடிவு: அவாங்-கார்ட் பிரிவு, நடுச்சாம்பல் பேப்பர், நாலுகால் பின்னல், முடியிலேயே குஞ்சலம், ஜடைநாகம் இல்லை, ஜூலை. அக்கா, அந்த நெட்டு எந்த அளவுக் கண்ணி?

---

சவுரி_அக்கா

கண்ணி கிடைப்பதிலேயே மிகச் சிறியது, முடி நிறத்தில். ஓரத்தில் ரப்பர் உள்ளது வேண்டாம், அந்த ரப்பர் உருண்டையின் அடியில் கோடு போடும். தையல் ஊசியில் அதே நிற நூல் கோத்து அடியில் இரண்டு தையல் போட்டு மூடு. உருண்டை பெரிதில் தொடங்கிச் சிறிதில் முடியவேண்டும். மூன்றும் ஒரே அளவாக இருந்தால் குஞ்சலம் மாதிரி இருக்காது, கொலுசு மணி மாதிரி இருக்கும்.